அண்டாவில் முங்கிய கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் தேவிபட்டினத்தில் இருக்கிறோம். போன மாதம் மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வந்தவர்கள் ராமேசுவரம் போய்விட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் மருமகன் ‘ராமர் பாலத்துக் கல்’ என்று ஒன்றை 300 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தார். இரண்டு கையாலும் ஏந்தும் அளவு. வெள்ளை நிறம், ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. எவர்சில்வர் அண்டாவில் தண்ணீர் பிடித்துப் போட்டோம், மிதந்தது. தெருவே வந்து பார்த்துக் கும்பிட்டுப் போனது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கல் அடியில் கிடக்கிறது.

அன்றிலிருந்து என் மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு ஆகாத சகுனம் என்கிறார். கொழுந்தன் ‘அது தெர்மாகோல், ஏமாந்துட்டீங்க’ என்று சிரிக்கிறார். மருமகன் நாசாவே ஒத்துக்கொண்டது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். கொழுந்தன் பதிலுக்கு ஒன்று போட்டார். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. மகள் அழுகிறாள்.

கல் உண்மையா பொய்யா? ஏன் முங்கியது? அதை இனி என்ன செய்வது? குழுவில் நான் என்ன எழுதட்டும்?

ஒரு வாசகி, தேவிபட்டினம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள். கல் முங்கியதற்குக் காரணம் தண்ணீர் குடித்ததுதான். அதற்கும் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நீங்கள் சொல்லும் வெள்ளையும் குழியும் பவளக்கல்லுக்கு உரியவை. உறுதி செய்துகொள்ள ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், அடுப்படி போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பூதக்கண்ணாடியை வாங்கிக் குழியைப் பாருங்கள். ஒவ்வொரு குழியின் ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள், சக்கரத்தின் ஆரக்கால் போல, இறங்கியிருந்தால் அது பவளம். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் இருந்த அறை. அண்டாவின் அடியில் மாவு போலக் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். அதை ஒரு கரண்டியில் எடுத்து நாலு சொட்டு வினிகர் விடுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், வேகம் குறைவாக இருக்கும். பவளம் சுண்ணாம்பு என்பதால் பொசபொசவென்று நுரைக்கும். பூஜைக்கு வைத்த கல்லின் மேலேயே புளிப்பை ஊற்ற வேண்டியதில்லை.

நுரைக்காமல், சாம்பல் நிறத்தில், கையில் வைத்தால் ‘இவ்வளவுதானா’ என்னும்படி லேசாக இருந்தால் அது நுரைக்கல், அதாவது எரிமலைக் கல். குதிகால் தேய்க்க விற்கிறார்களே, அதன் பெரிய உறவினர். எரிமலைக் குழம்பு காற்றுக் குமிழிகளோடு சட்டென்று ஆறி இறுகியது. குமிழிகளில் பல, வாய் மூடியவை. அதனால் அது மாதக்கணக்கில் மிதக்கும். 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே கிரகடோவா வெடித்தபோது கிளம்பிய நுரைக்கல் கூட்டம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை போய் ஒதுங்கியது. நம் பக்கத்தில் எரிமலை இல்லையே, கல் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: மிதந்தே வரும்.

வெள்ளையாக, சமமான உருண்டைத் துளைகளோடு, எங்காவது ஓர் ஓரம் ரம்பம் போட்டது போல நேராக இருந்தால் அது வீடு கட்ட வாங்கும் ஏஏசி பிளாக்கின் துண்டு. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய மிதக்கும். வீடியோக்களில் ‘அதிசயக் கல்’ என்று வருவதில் இதுவும் உண்டு. இதில் சிமெண்டும் சுண்ணாம்பும் இருப்பதால் வினிகருக்குக் கொஞ்சம் நுரைத்துக்கூடத் தொலைக்கும். அதனால்தான் பூதக்கண்ணாடியை முதலில் சொன்னேன். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கொடுப்பதும் மிதக்கும். அது கணவாய் மீனின் ஓடு, கல்லே இல்லை.

கொழுந்தனார் சொல்லும் தெர்மாகோல் கணக்கு இங்கே எடுபடாது. உங்கள் கல்லின் பருமனுக்குத் தெர்மாகோல் செய்தால் பத்து இருபது கிராம்கூட நிற்காது. தூக்கிப் பார்த்த எவரும் ஏமாறமாட்டார்கள். அவர் தூக்கிப் பார்க்கவில்லை, வீடியோ பார்த்தார். அந்த வகையில் மாமாவும் மருமகனும் ஒரே கட்சி.

ஏன் இரண்டு நாள் மிதந்தது, மூன்றாம் நாள் ஏன் இறங்கியது? ஒரு வாளியை அகலமான தாம்பாளத்தில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். நன்கு காய்ந்த கல்லைத் தராசில் நிறுத்துக்கொண்டு, வாளியில் வைத்து விரலால் முழுதும் அமுக்குங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை நிறுங்கள். கல்லைவிடத் தண்ணீர் எடை கூடுதல் என்றால் கல் மிதக்கும், குறைவு என்றால் முங்கும். ஒரு பேச்சுக்கு, காய்ந்த கல் 600 கிராம், வழிந்த தண்ணீர் 640 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 40 கிராம். பவளக்கல்லின் துளைகள் நுரைக்கல்லைப் போல மூடியவை அல்ல, ஒன்றுக்குள் ஒன்று திறந்தவை. தண்ணீர் மெல்ல உள்ளே போகும், காற்று வெளியே வரும். முதல் நாள் கல்லைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெளியேறும் காற்று. 40 கிராம் தண்ணீர் என்பது மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. அது உள்ளே போனதும் கல் தத்தளிக்கும், இன்னும் ஒரு சொட்டு போனால் இறங்கும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது இறங்கியதால் சகுனமாகத் தெரிகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1,025 கிராம் அளவில் இருக்கும், குழாய்த் தண்ணீர் 1,000 கிராம். அதே கல் கடல் தண்ணீரில் 640க்குப் பதில் 656 கிராமைத் தள்ளும். விற்றவர் வாளியில் கடல் தண்ணீர் வைத்திருந்தால், உங்கள் அண்டாவைவிட அங்கே நன்றாக மிதந்திருக்கும். அவர் ஏமாற்றினார் என்று இதற்குப் பொருள் இல்லை. கடற்கரையில் கைக்குக் கிடைத்த தண்ணீர் அது. பத்து லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்துக் கல்லை விட்டுப் பாருங்கள், எழுந்தாலும் எழும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் வெறும் தண்ணீரிலேயே மறுபடி மிதக்கும். மெழுகோ வார்னிஷோ பூசினால் நிரந்தரமாகவே மிதக்கும். எந்தப் பவளக்கல்லும் மிதக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலானவை காய்ந்திருந்தாலும் போட்ட மாத்திரத்தில் அடிக்குப் போகும். மிகவும் துளைவிட்ட சிலதான் மிதக்கும். கரையில் பொறுக்குபவர்கள் அவற்றைத் தனியாக எடுத்துவிடுவார்கள்.

ஆக, கல் உண்மை. ‘ராமர் பாலத்துக் கல்’ என்ற சீட்டுத்தான் ஒட்டியது. மண்டபம் ஊரிலிருந்து கீழக்கரைவரை எந்தப் பாரில், அதாவது கடலடிப் பவளத் திட்டில், உடைந்து ஒதுங்கிய கல்லாகவும் அது இருக்கலாம்.

இனி வாட்ஸப் சண்டைக்கு வருகிறேன். எனக்குக் கல்லைவிட இதுதான் வியப்பு. மிதந்தால் ராமர் உண்டு, முங்கினால் இல்லை என்று ஒரு பந்தயத்தை உங்கள் வீட்டு அண்டாவில் யார் கட்டியது? இந்தக் கரையின் பக்தி அப்படி ஒரு பந்தயம் கட்டியதே இல்லை.

சேதுவுக்குத் தமிழில் வழங்கும் பெயரைப் பாருங்கள்: திருவணை. ராமன் கடலை ‘அடைத்தான்’ என்பார்கள். அணை என்றால் அடியிலிருந்து நிரப்பி எழுப்புவது. மிதக்கிற எதற்கும் தமிழில் அந்தப் பெயர் இல்லை. வான்மீகியில் வானரப் படையின் நளன் மேற்பார்வை பார்க்க, மற்ற வானரர்கள் மரமும் பாறையும் கொண்டுவந்து போடுகிறார்கள். சிலர் கயிறு பிடித்து நேர் பார்க்கிறார்கள். முதல் நாள் 14 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு), அடுத்து 20, 21, 22, 23 என்று ஐந்து நாளில் 100 யோசனை முடிகிறது. அசல் ஒப்பந்தக்காரர் கணக்கு. கம்பனிலும் வானரர்கள் மலைகளைப் பெயர்த்துவர, நளன் ஏந்தி அடுக்குகிறான். நளனும் நீலனும் தொட்ட மலை, முனிவர் வாக்கால் மிதக்கும் என்பது 16ஆம் நூற்றாண்டில் துளசிதாசர் அவதி மொழியில் பாடிய இராமாயணத்தில் இருப்பது. அது வடக்கின் பக்தி மரபு, அதற்கு அங்கே ஓர் அழகு உண்டு. கல்லில் ‘ராம்’ என்று எழுதிப் போட்டால் மிதக்கும் காட்சி நம் வீடுகளுக்குள் பரவலாக வந்தது 1987இல் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் ராமாயணத் தொடர் ஓடியபோது. மருமகனின் கல் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் கரை கையில் எடுத்தது மணலை. ராமேசுவரத்து மூலவரே, தலபுராணப்படி, கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமன் தாமதித்ததால் சீதை மணலில் பிடித்த லிங்கம். காசி யாத்திரை போகிறவர்கள் இங்கிருந்து மணலைத்தான் எடுத்துப்போய்க் கங்கையில் கரைக்கிறார்கள், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்கிறார்கள். அணிலும் அப்படியே. வான்மீகியில் அணில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலையைத் தள்ள, அணில் நீரில் நனைந்து, மணலில் புரண்டு, ஓடிப்போய்த் தன் பங்குக்கு உதறுகிறது. லிங்கமும் மணல், யாத்திரையும் மணல், அணிலும் மணல். அண்டாவில் போட்டால் மூன்றும் அடிக்குத்தான் போகும். யாரும் அதைச் சகுனம் என்று சொன்னதில்லை.

மிதக்கும் கல்லால் அணை கட்டினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க் கடலோடி யாரையாவது கேளுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கிற ஒரே ராத்திரியில் மொத்தப் பாலமும் வடகடலுக்குப் போய்ச் சேரும். கல் இடத்தில் நிற்க வேண்டும் என்றால் முங்கத்தான் வேண்டும்.

சேது என்று நாம் சொல்லும் தீடைகளுக்கு, அதாவது கடலில் வரிசையாகத் தெரியும் மணல் திட்டுகளுக்கு, இன்னொரு கதையும் உண்டு. ஆதம் நபி இலங்கையில் இறங்கி, இந்த வழியாகக் கடந்துவந்தார் என்பது முஸ்லிம்களின் வழக்கு. ஆதம் பாலம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ராமேசுவரத்திலேயே ஆபில் காபில் தர்கா இருக்கிறது. இரண்டு கதையும் ஒரே மணலில் நெடுங்காலம் சச்சரவில்லாமல் இருந்தன. ஒருவர் கதைக்கு மற்றவர் சான்று கேட்கவில்லை.

சான்று கேட்கும் பழக்கம் பரவியது வழக்கால். இந்தத் தீடைகளை வெட்டிக் கப்பல் கால்வாய் அமைக்கும் சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2 அன்று தொடங்கப்பட்டது. 2007இல் அது உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, ‘கட்டியதா, தானாக உருவானதா’ என்பது தொலைக்காட்சிகளின் அன்றாட விவாதம் ஆயிற்று. ராமனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதில் இரண்டு தரப்புக்கும் சம பங்கு. அதற்குப் பிறகு பக்தருக்கும் ‘ஆதாரம்’ தேவைப்பட்டது, மறுப்பவருக்கும் ‘அம்பலம்’ தேவைப்பட்டது. வீடியோக்காரருக்கு இரண்டும் ஒரே சரக்கு.

மருமகன் போட்ட நாசா வீடியோவில் படம் உண்மை. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் நோக்கித் தீடைகள் தெளிவாகவே தெரியும். அதோடு 2002 வாக்கில் சேர்ந்து சுற்றத் தொடங்கிய ‘17.5 லட்சம் ஆண்டு’ நாசா சொன்னது அல்ல. இப்படிப்பட்ட படத்தை வைத்துத் தீவுத் தொடரின் வயதையோ தோற்றத்தையோ சொல்ல முடியாது என்றுதான் அவர்கள் தரப்பில் விளக்கினார்கள். இதைப் போட்டோவைப் பார்த்தே நாமும் சொல்லலாம். மேலிருந்து எடுத்த படத்தில் பாட்டியின் வயது தெரியுமா?

இன்னொன்று, 2017 டிசம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான முன்னோட்டத் துண்டு. மேலே உள்ள கல்லுக்கு 7,000 ஆண்டு, கீழே உள்ள மணலுக்கு 4,000 ஆண்டு, ஆகவே யாரோ கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அதில் வரும். கேட்க மறுக்க முடியாததுபோல இருக்கும். ஆனால் பவளக்கல்லுக்குக் கார்பன் முறையில் கிடைக்கும் வயது, அந்தப் பவளம் உயிரோடு இருந்த காலம். கல் இப்போது கிடக்கும் இடத்துக்கு எப்போது வந்தது என்பதை அது சொல்லாது. மணலுக்குப் பொதுவாகச் சொல்லும் வயது, அந்த மணல்துகள் கடைசியாக வெயில் பார்த்துப் புதைந்த காலம். பழைய கல்லைப் புது மணல்மேல் தூக்கிப்போட ஒரு புயல் போதும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியில் கடல் ஒரு ரயிலையே வாரிக்கொண்டு போனது. கல் எம்மாத்திரம்?

கார்பன் கணக்கு தெரிந்தால் லட்சக் கணக்குகளை உடனே ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் கதிரியக்கக் கார்பன் பாதியாகக் குறையும். பத்து முறை பாதியானால், அதாவது 57,300 ஆண்டில், ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்குமேல் அளக்க ஒன்றும் இருக்காது. ‘கார்பன் டேட்டிங்கில் 17 லட்சம் ஆண்டு’ என்று எந்த வீடியோ சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

மறுதரப்பு வீடியோக்களும் சுத்தம் இல்லை. அவற்றில் கல்லைத் தராசில் வைப்பதே கிடையாது. மிதப்பது எல்லாம் நுரைக்கல் என்று ஒருவர், எல்லாம் தெர்மாகோல் என்று இன்னொருவர். எடை இல்லை, பருமன் இல்லை, எத்தனை மணி நேரம் மிதந்தது என்ற கணக்கு இல்லை. மிதக்கும் கல் வீடியோ எதுவாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இல்லை என்றால் அது பிரச்சாரம், எந்தப் பக்கத்துப் பிரச்சாரம் என்பது மட்டுமே மிச்சக் கேள்வி.

இத்தனை சத்தத்திலும் காதில் விழாத விஷயம் ஒன்று உண்டு. பவளக்கல் இந்தக் கரைக்கு அதிசயப் பொருளே அல்ல, அன்றாடச் சரக்கு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உங்கள் அண்டாவில் கிடக்கும் அதே குழி, அதே தகடு. பவளக்கல்லை அறுத்து அடுக்கி, சுண்ணாம்பு பூசிக் கட்டியது. சுண்ணாம்பு சுடவும் ஆலைகளுக்கும் பல காலம் இதை வண்டி வண்டியாக எடுத்தார்கள். பவளப் பார் என்பது அலையின் வேகத்தைத் தீவுக்கு முன்னாலேயே முறிக்கும் மதில். மதிலைப் பெயர்த்தால் அலை நேராகத் தீவின் மணலில் வந்து விழும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு, மற்றது தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லி. பவளக்கல் எடுத்ததை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அண்டாவில் கல் முங்கியதற்கு இரண்டு வீடியோ வந்தது. தீவு முங்கியதற்கு உங்கள் குடும்பக் குழுவில் ஏதாவது வந்ததா என்று தேடிப் பாருங்கள்.

இதனால்தான் அந்தக் கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். 1986இல் இந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001 முதல் கல்லாக வளரும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. உயிருள்ள பவளம், செத்த பவளம், கரையில் பொறுக்கியது என்ற வேறுபாடு எல்லாம் வாதாடும்போது உதவாது. விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுவரை போகலாம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மருமகனுக்குத் தெரிந்திருக்காது, விற்ற அம்மாளுக்கோ ஐயாவுக்கோ அது ஒரு வேளைச் சோறு. ராமநாதபுரத்தில் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. தெரியாமல் வாங்கியது, ஒப்படைக்கிறோம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, கல்லோடு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் கொண்டுபோகும்போது பாலிதீன் பையில் ஆட்டிக்கொண்டு போக வேண்டாம். அட்டைப்பெட்டியில் வைத்து, எழுதிய தாளையும் அதிலேயே வையுங்கள். வினிகர் போட்டு நுரைக்கவில்லை, நுரைக்கல்தான் என்று தெரிந்தால் இந்த அலைச்சல் வேண்டாம். குதிகால் தேய்த்துக்கொள்ளலாம்.

குழுவில் நீளமாக எழுதாதீர்கள். நீளமாக எழுதினால் அதற்கும் ஒரு வீடியோ வரும். ‘கல் பவளக்கல். தண்ணீர் ஊறி முங்கியது. காயவைத்தால் மிதக்கும். சட்டப்படி வைத்திருக்கக் கூடாது என்பதால் ஒப்படைக்கிறோம்’ என்று நாலு வரி போடுங்கள். காய்ந்த கல்லின் எடை, வழிந்த தண்ணீரின் எடை இரண்டையும் தராசோடு படம் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. நிறுக்கும் வேலையைக் கொழுந்தனாரிடமும், படம் எடுப்பதை மருமகனிடமும் விடுங்கள். ஆளுக்கு ஒரு கை பிடித்தால் ஒரே அண்டாவை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

மாமியாருக்குத்தான் பூஜை அறையில் இடம் காலியாகத் தெரியும். நீங்கள் இருக்கும் ஊருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ராமன் நவகிரகம் நிறுவியதாகச் சொல்லும் ஒன்பது கல்லும் உங்கள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன, ஒன்றும் மிதக்கவில்லை. ஒரு நாள் அவரைச் சேதுக்கரைக்கு அழைத்துப்போய், கடலில் முழுகச் சொல்லி, ஒரு பிடி மணல் எடுத்துவரச் செய்யுங்கள். திருப்புல்லாணிக் கோயிலும் வழியில்தான். மணலை ஈரத்தோடு துணியில் முடிந்து பித்தளைத் தட்டில் வைத்துவிடாதீர்கள். உப்பு பூத்துத் தட்டில் பச்சைக் களிம்பு ஏறும். ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, தாளில் பரப்பி இரண்டு நாள் நிழலில் உலர்த்திவிட்டு முடியுங்கள்.

அன்புடன்.